உள்தாழ்

வண்டிய அணைக்காமலே நிக்கிய அண்ணாச்சி.
கால் மணி நேரமாப் பாக்கேன்.
பெட்ரோல் விக்கிற விலைக்கு
ஒண்ணு உள்ள வாங்க, இல்ல கெளம்புங்க.
இந்தப் பூவரச நிழல்ல
ஆட்டோக்காரரும் நிக்கணும்லா.

கையில இருக்கது கோர்ட்டுத் தாள்தான?
எனக்கும் அதே தாள், அதே சீலு.
நாலா எட்டா மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருந்தேன்,
வேர்வையில மை எறங்கி
என் பேரு மட்டும் அழிஞ்சிருந்தது.
அணைஞ்சபெருமாள். பேட்டையில வெல்டிங் பட்டறை.
பேரே இல்ல, அப்ப இது நான் இல்லன்னு
சொல்லிப் பாத்தேன்.
எப்சிபா அக்கா சிரிக்கல.

மொத வாரம் நானும் இப்படித்தான்.
எம் பொண்டாட்டி, எங் குடும்பம்,
சமாதானபுரத்துல எவளுக்கு என்னன்னு
ஆத்துப் பாலத்துல இருந்தே
தனக்குள்ள பேசிக்கிட்டு வந்தேன்.

அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு.
சைபர்ல இருந்து பத்து வரைக்கும்
மாறணும்னு உமக்கு எத்தனை இருக்கு?
வீம்புக்கு ரெண்டுன்னேன்.
ஏன் பத்து இல்லன்னு கேப்பாவ,
பதில் வரிசையா வச்சிருந்தேன்:
குடி, கடன், அவ வாய், எங்கம்மா பேச்சு.
அக்கா கேட்டாவ,
'ஏன் சைபர் இல்ல?'

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது.

மூணு வாரம் வாய் தொறக்கல.
நாலாவது வாரம் சொன்னேன்.
உங்களுக்கும் சொல்லுதேன்.

அடுக்களைக் கதவுக்கு
உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தா.
ஊருக்கெல்லாம் கேட்டும் கிரில்லும் நான் செய்யுதேன்.
எங்க வீட்டுக் கதவுக்கு
எனக்குத் தெரியாம,
நான் தென்காசிக்கு வேலைக்குப் போன நாள் பாத்து
வேற எவனையோ கூப்ட்டு.

அன்னைக்கு ராத்திரி, ரெண்டே மிதி.
கீழ விழுந்த தாழ்ப்பாளப் பாத்து
என்ன நெனச்சேன் தெரியுமா?
அவளப் பத்தி இல்ல. பிள்ளையப் பத்தி இல்ல.
'ரெண்டு பொட்டு வச்சு ஏமாத்திருக்கான் பய,
ராடு உருகி உள்ளயே எறங்கல.'
மூலையில உலகம்மை,
குழம்புச் சட்டியப் பிடிச்ச பிடி விடாம.
நான் குனிஞ்சு
வெல்டிங்கப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

நான் போட்டிருந்தா தாங்கிருக்கும் அண்ணாச்சி.
யானை முட்டினாலும் தாங்கிருக்கும்.
எங்கிட்ட அவளால கேக்க முடியல.
அதான் சைபர் இல்ல.

சொல்லி முடிச்சதும் எவனும் கை தட்டல.
அக்காவும் நல்லதுன்னு சொல்லல.
'மிதிச்சது யாரு'ன்னு கேட்டாவ.
கால்தான்னேன்.
'யாரு காலு?'
அதச் சொல்ல இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு.

இப்பப் பட்டறையிலதான் படுக்கேன்.
போன மாசம் அரை இஞ்சு கம்பியில
ஒரு தாழ்ப்பாள் செஞ்சேன்,
பிசிறு இல்லாமத் தேச்சு, ரெண்டு கை பெயிண்டு அடிச்சு.
குடுத்துவிடலாமான்னு கேட்டேன்.
வக்கீல் மூலமா அவகிட்ட கேட்டாவ.
வேண்டாம்னுட்டா.
மேலப்பாளையத்து ஆளு ஒருத்தரு
புதுசாப் போட்டுக் குடுத்தாச்சாம்.
நல்லா இருக்காம்.

சரின்னுதான் சொன்னேன்.
ராத்திரி சம்மட்டிய எடுத்து
நான் செஞ்ச தாழ்ப்பாளப் போட்டு அடிச்சேன்.
பத்து அடி, பதினஞ்சு அடி.
ஒடையல.
பக்கத்துப் பட்டறைக்காரரு வெளக்கப் போட்டுட்டு
வெளிய வராம இருந்தாரு.
எங்க தெருவுலயும் முந்தி அப்படித்தான்,
வெளக்கு எரியும், ஆளு வராது.

இன்னைக்கு உள்ள போயி
அதையும் சொல்லணும்.
அதுக்குத்தான் நானும் கால் மணி நேரமா
இந்த மரத்தடியில நிக்கேன்.

வண்டிய அணைங்க அண்ணாச்சி.
மணி பத்தாச்சு,
கையெழுத்து நோட்ட மூடிருவாவ.